அம்மா படிக்க முடியாத பக்கங்கள்

"மாமா, உண்மையச் சொல்லுங்க. இந்தக் காலத்துல அதையெல்லாம் யாரு படிப்பா?"

கேட்டது அக்கா மகன். போன தீபாவளிக்கு மறுநாள், ஈசூனில் அக்கா வீட்டு புளோக்குக்குக் கீழே, கல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். மேலே வீடு முழுக்க விருந்தாளிகள். முறுக்கும் பேச்சும் தாங்காமல் இரண்டு பேரும் குப்பை கொட்டப் போகிறோம் என்று சொல்லிவிட்டு இறங்கியிருந்தோம்.

அவனுக்கு இருபது வயது. தேசிய சேவையில் இருக்கிறான். பதினேழு வயதில் தன் அம்மாவிடம் ஒரே ஒரு ஆங்கில வாக்கியத்தில் விஷயத்தைச் சொன்னவன். அக்கா இரண்டு நாள் அழுதாள். மூன்றாம் நாள் காலையில் "சாப்டியா?" என்று கேட்டாள். அதோடு அந்த வீட்டில் அந்த அத்தியாயம் ஏதோ ஒருவகையில் முடிந்தது. எனக்கு அவன் சொன்னது வாட்ஸ்அப்பில். ஒரே ஒரு சொல்: "நானும்."

என்னைப் பற்றி அவனிடம் யாரும் சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை. ஆனால் அந்த 'உம்' என்னை முன்பே கண்டுபிடித்து வைத்திருந்தது.

அன்று நான் அவனிடம் யோசனைதான் கேட்டேன். நண்பர்கள் சிலர் தன்பாலீர்ப்பாளர்களுக்காகச் சிறிய இணைய இதழ் ஒன்று தொடங்கப் போகிறார்கள். பெரும்பகுதி ஆங்கிலம், தமிழுக்கும் ஒரு மூலை. அந்த மூலைக்கு மாதம் ஒரு கட்டுரை எழுத முடியுமா என்று என்னைக் கேட்டிருந்தார்கள். "வந்தா நீ படிப்பியா?" என்றேன். அதற்குத்தான் அந்தப் பதில்.

எனக்குக் கோபம் வரவில்லை. அவன் வயதில் நான் எதைப் படித்தேன், எப்படிப் படித்தேன் என்பதுதான் நினைவுக்கு வந்தது.

2003. பலதுறைத் தொழிற்கல்லூரியில் கடைசி ஆண்டு. எங்கள் வீட்டுக் கணினி கூடத்தில், சாமி மாடத்துக்குப் பக்கத்தில் இருந்தது. பிள்ளைகள் கெட்டுப்போகக்கூடாது என்று அப்பா அதை அங்கே வைத்திருந்தார். இரவு பதினோரு மணிக்கு மேல் நான் 'ஃபிரிடே' என்ற தளத்தைத் திறப்பேன். சிங்கப்பூரிலிருந்து இயங்கிய, ஆசியாவின் தன்பாலீர்ப்பாளர்களுக்கான தளம். செய்தி, கட்டுரை, ஆள் தேடும் விளம்பரம் எல்லாம் இருக்கும். அதற்கும் முன்பே, 1996 முதல், அலெக்ஸ் ஆவ் 'யானிங் பிரெட்' என்ற தன் பக்கத்தில் நீண்ட கட்டுரைகள் எழுதிவந்தார். முடித்ததும் தேடல் வரலாற்றை அழிப்பேன். அழித்தேனா என்று இன்னொரு முறை பார்ப்பேன். படுத்த பிறகு சந்தேகம் வந்து எழுந்து போய்ப் பார்த்த இரவுகளும் உண்டு.

ஓர் இரவு அம்மா திடீரென்று எழுந்து வந்துவிட்டார். தண்ணீர் குடிக்க. திரையில் ஒரு நீண்ட கட்டுரை. மூடுவதற்கு நேரமில்லை. என் கை மவுஸில் உறைந்துவிட்டது. அம்மா பின்னால் நின்று திரையை ஒரு கணம் பார்த்தார். "கண்ணு கெட்டுப் போயிரும்யா, படு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அம்மாவுக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. ஜொகூரில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். தோட்டத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை. கல்யாணமாகி இங்கே வந்தவர். ஆனால் தமிழில் அவர் படிக்காத தாள் கிடையாது. தேக்காவில் வாங்கும் வார இதழ், நூலகத்தில் எடுக்கும் ராஜம் கிருஷ்ணன், சிவசங்கரி, வடை மடித்து வந்த காகிதம், எல்லாமே படிப்பார். அன்றிரவு அந்தக் கட்டுரை தமிழில் இருந்திருந்தால் என் வாழ்க்கை வேறு மாதிரி ஆகியிருக்கும்.

நல்லவேளை, ஆங்கிலம் என்று நினைத்துக்கொண்டேன். அந்த 'நல்லவேளை' பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

அந்தத் தளங்கள் எனக்கு என்ன கொடுத்தன என்று இன்று யோசித்தால், தகவலைவிட முக்கியமாக எனக்குத் தோன்றுவது ஓர் இலக்கண விஷயம். அதே 2003-ல் அப்போதைய பிரதமர் கோ சோக் டோங், 'டைம்' இதழுக்குக் கொடுத்த பேட்டியில், அரசாங்கம் தன்பாலீர்ப்பாளர்களை முக்கியமான பதவிகளிலும் சேர்த்துக்கொள்கிறது என்றார். நாளிதழ்களின் வாசகர் கடிதப் பக்கங்கள் பற்றிக்கொண்டன. ஆதரித்தவர்களும் எழுதினார்கள், எதிர்த்தவர்களும் எழுதினார்கள். எல்லாக் கடிதத்திலும் நாங்கள் 'அவர்கள்'. அவர்களுக்கு வேலை கொடுக்கலாமா, அவர்களால் குடும்பங்கள் கெடுமா, அவர்களைப் பொறுத்துக்கொள்ளலாமா. எனக்காகப் பரிந்து பேசியவர்கூட என்னிடம் பேசவில்லை. பக்கத்தில் இருப்பவரிடம் என்னைப் பற்றிப் பேசினார்.

ஃபிரிடேயில் அதே செய்தி வேறு குரலில் இருந்தது. இதை நம்பலாமா, சட்டம் அப்படியே இருக்கும்போது இந்த வார்த்தைக்கு என்ன மதிப்பு என்று ஆளுக்கு ஆள் வாதாடினார்கள். ஆங்கிலத்தில் அதற்கு ஒரே சொல்தான். தமிழில் இரண்டு உண்டு: நாங்கள், நாம். வெளியே இருப்பவருக்கு விளக்கும்போது 'நாங்கள்' என்கிறோம். கேட்பவரையும் சேர்த்துக்கொள்ளும்போதுதான் 'நாம்'. பத்தொன்பது வயதில், சாமி மாடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, யாரோ முகம் தெரியாதவர் எழுதியதில் நான் முதல்முறையாக ஒரு 'நாம்'-க்குள் இருந்தேன். ஆங்கிலத்தில் படித்தாலும் அது எனக்குத் தமிழ் 'நாம்' ஆகத்தான் கேட்டது.

இதை அவனிடம் சொன்னேன். அவன் பொறுமையாகக் கேட்டான். பிறகு சொன்னான்:

"மாமா, நீங்க இருட்டுல இருந்தீங்க, அதனால டார்ச்லைட் வேணும். எங்களுக்கு லைட்டே போட்டாச்சு."

அவன் வாதத்தை நேர்மையாகவே இங்கே வைக்கிறேன். ஏனென்றால் அதில் பாதி உண்மை.

1938-ல் வெள்ளைக்காரன் காலத்தில் எழுதப்பட்ட 377ஏ பிரிவை 2022 நவம்பர் 29 அன்று நாடாளுமன்றம் நீக்கியது. 2023 ஜனவரி 3 முதல் அது சட்டப் புத்தகத்தில் இல்லை. அவன் தேசிய சேவைக்குப் போனபோது அவன் குற்றவாளி இல்லை. நான் போனபோது சட்டப்படி நான் குற்றவாளி. அவன் பள்ளி நண்பர்களில் பலருக்கு அவனைத் தெரியும். 'ஹார்ட்ஸ்டாப்பர்' தொடரை அவன் தன் வகுப்புப் பெண்களோடு சேர்ந்து பார்த்தான். அவர்கள்தான் இவனைவிட அதிகம் அழுதார்களாம். ஹாங் லிம் பூங்காவில் 2009-ல் முதல் பிங்க் டாட் நடந்தபோது நான் சாலைக்கு அந்தப் பக்கம் நின்று, யாராவது தெரிந்தவர் பார்த்துவிடுவார்களோ என்று அரைமணி நேரம் வேடிக்கை பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனவன். அவன் போன வருஷம் அங்கே தன் அம்மாவையே அழைத்துப் போனான். அக்கா பிங்க் நிறப் புடவை கட்டிக்கொண்டு போனாள்.

"அப்புறம் இன்னொண்ணு மாமா. உங்க காலத்து கே மேகசின்ல நம்ம ஆளு ஒருத்தராவது இருந்தாங்களா?"

இந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டேன். இருக்கவில்லை. கட்டுரைகளில் என்னை 'நாம்' என்று சேர்த்துக்கொண்ட அதே உலகம், படங்களில் என்னைச் சேர்த்துக்கொள்ளவில்லை. உடற்பயிற்சிக்கூட உடம்போடு, பளிங்கு நிறத்தில் சிரிக்கும் சீன இளைஞர்கள்தான் பக்கம் பக்கமாக. ஆள் தேடும் விளம்பரங்களில் வயது, உயரம், எடைக்கு அடுத்தபடியாக ஒரு வரி வரும்: இந்தியர்கள் வேண்டாம். முதல்முறை படித்தபோது அது யாரோ ஒருவரின் விருப்பம் என்று நினைத்தேன். ஐம்பதாவது முறை அப்படி நினைக்க முடியவில்லை. இன்று செயலிகளிலும் அந்த வரி இருக்கிறது. அவனும் பார்த்திருக்கிறான்.

ஆக, தனி ஊடகம் என்பது தானாகவே புனிதமான இடமில்லை. அதற்குள்ளும் வாசற்படி உண்டு, பின்வரிசை உண்டு. ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்தப் பின்வரிசையைப் பற்றிச் சண்டை போடுவதற்கும் அதுதான் இடமாக இருந்தது. 'இந்தியர்கள் வேண்டாம்' என்ற வரி எனக்கு எப்படி வலித்தது என்று நான் எந்த நாளிதழுக்கு எழுத முடியும்? எழுதினால், 'பாருங்கள், அவர்களுக்குள்ளேயே ஒற்றுமையில்லை' என்று படிப்பார்கள். வீட்டுச் சண்டையை வீட்டுக்குள் போட ஒரு வீடு வேண்டும்.

விளக்கு போட்டாச்சு என்றான். போட்டது யார், அணைக்கும் சுவிட்ச் யார் கையில் இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். 377ஏ நீங்கும் என்று அறிவித்த கையோடு, ஊடகக் கொள்கை மாறாது, இத்தகைய உள்ளடக்கத்துக்கு உயர்ந்த வயது வரம்பு தொடரும் என்றும் அரசாங்கம் தெளிவாகச் சொன்னது. திருமணத்தின் வரையறையை நீதிமன்றத்தில் கேள்வி கேட்க முடியாதபடி அரசமைப்புச் சட்டத்தையும் அதே நாளில் திருத்தினார்கள். 2014-ல் இரண்டு ஆண் பென்குவின்கள் சேர்ந்து குஞ்சு வளர்க்கும் ஒரு படக்கதைப் புத்தகம் நூலகச் சிறுவர் பகுதியிலிருந்து எடுக்கப்பட்டு, பெரிய சர்ச்சைக்குப் பிறகு பெரியவர் பகுதியில் வைக்கப்பட்டது. அந்தப் பென்குவின்களுக்கு இப்போதும் வயது வந்தோர் அட்டைதான். வெளியூர்க் காதலை நெட்ஃப்ளிக்ஸில் பார்க்கலாம். உள்ளூர்க் காதலை உள்ளூர்த் தொலைக்காட்சியில், அதுவும் தமிழில், பார்க்கும் நாள் எப்போது வரும் என்று எனக்குத் தெரியவில்லை.

தவிர, நெட்ஃப்ளிக்ஸ் காதலர்களுக்கு முப்பத்தைந்து வயதாவதில்லை. எனக்கு ஆனது. என் துணையும் நானும் முப்பத்தைந்து வயது வரை காத்திருந்து, ஒற்றையர்கள் இருவர் சேர்ந்து வாங்கும் திட்டத்தின்கீழ் ஒரு மறுவிற்பனை வீவக வீடு வாங்கினோம். சட்டத்தின் கண்ணில் நாங்கள் இரண்டு ஒற்றை ஆட்கள். ஒருவர் மயங்கி விழுந்தால் மற்றவர் யார்? மத்திய சேமநிதிப் பணம் உயிலில் அடங்காது. யாருக்குப் போக வேண்டும் என்று தனியாக எழுதிப் பதிந்திருக்க வேண்டும், இல்லையென்றால் அது சட்டப்படியான குடும்பத்துக்குத்தான் போகும். இது எனக்கு எப்படித் தெரியும்? எங்களைப் போன்ற இன்னொரு சோடி, எங்களைப் போன்றவர்கள் படிக்கும் ஓர் இடத்தில், தங்கள் அனுபவத்தை எழுதியிருந்தார்கள். எந்தத் தொடரின் கடைசி எபிசோடிலும் யாரும் படிவம் நிரப்பிக் கையெழுத்துப் போடுவதில்லை.

"சரி, அதுக்கு இன்னும் பதினஞ்சு வருஷம் இருக்கு எனக்கு" என்று சிரித்தான் அவன்.

பாலத்துக்கு அந்தப் பக்கம் இந்தக் கேள்வியே வேறு. ஜொகூர் பாருவில் எனக்கு ஒரு நண்பன் இருக்கிறான். 'இன்னும் தேவையா' என்று நான் கேட்டபோது, "'இன்னும்'னா என்ன அர்த்தம் பிரதர்? எங்களுக்கு எப்ப இருந்திச்சு?" என்றான். அங்கே தண்டனைச் சட்டத்தில் இருபது ஆண்டுகள் வரை சிறையும் பிரம்படியும் அப்படியே இருக்கின்றன. தன்பாலீர்ப்பைப் பற்றி ஒரு கிறிஸ்துவர் தன் சமயத்தின் கண்கொண்டு எழுதிய புத்தகம் 2020-ல் தடை செய்யப்பட்டது. உயர் நீதிமன்றம் 2022-ல் தடையை நீக்கியது, மேல்முறையீட்டு நீதிமன்றம் 2023-ல் திரும்பப் போட்டது. அதே 2023-ல் வானவில் நிறம் இருந்த குற்றத்துக்காக 172 கைக்கடிகாரங்களைப் பறிமுதல் செய்தார்கள். அவற்றைத் திருப்பிக் கொடுக்கும்படி நீதிமன்றம் சொல்ல அடுத்த ஆண்டு நவம்பர் ஆனது. அத்தனைக்கும் நடுவில், 2009-லேயே 'பாடி டு பாடி' என்ற கதை, கட்டுரைத் தொகுப்பு கோலாலம்பூரில் வெளிவந்திருக்கிறது. அதன் ஒரு பிரதி அட்டை கிழிந்து, செய்தித்தாள் உறை போட்டு, கை மாறி கை மாறி என் நண்பனிடம் வந்திருக்கிறது. அவனுக்கு முன்னால் படித்தவர்கள் பென்சிலில் கோடு போட்டிருந்தார்களாம். "கதையவிட அந்தக் கோடுதான் எனக்கு முக்கியமா இருந்திச்சு" என்றான். யாரோ இதே வரியில் நின்றிருக்கிறார்கள் என்று தெரிவது.

ஆனால் என் அக்கா மகன் சிங்கப்பூரில் பிறந்து, விளக்கு எரியும் வீட்டில் வளர்ந்தவன். அவனுக்குத் தேவையில்லை என்றால் தேவையில்லைதான், நான் வற்புறுத்த முடியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மேலே போகலாம் என்று எழுந்தபோதுதான் அவன் கேட்டான்.

"மாமா... பாட்டிகிட்ட இத தமிழ்ல எப்படிச் சொல்றது?"

நான் மறுபடியும் உட்கார்ந்தேன்.

அவன் அம்மாவிடம் ஆங்கிலத்தில் சொன்னான். நண்பர்களிடம் ஆங்கிலத்தில். என்னிடம் மட்டும் அந்த ஒரே தமிழ்ச் சொல், 'நானும்', அதுவும் எழுத்தில். பாட்டிக்கு ஆங்கிலம் தெரியாது. பாட்டியிடம் சொல்லாமல் இருப்பதுதான் அவனுக்கு இப்போது மிச்சமிருக்கும் பாரம். சின்ன வயதில் அவனை வளர்த்தது அவர்தான். அவன் யூட்யூபில் தேடியிருக்கிறான். கிடைத்தது ஏச்சுப்பேச்சும், மருத்துவர் என்று சொல்லிக்கொண்டு 'குணப்படுத்தும்' ஆட்களும். பள்ளிக்கூடத்தில் தமிழில் அவன் கேட்ட சொற்கள் எல்லாம் வசைச்சொற்கள், எனக்கும் அப்படித்தான். செய்திகளில் கேட்ட 'ஓரினச் சேர்க்கை'யைப் பாட்டியிடம் எப்படிச் சொல்வது? அது ஒரு மனிதனைக் குறிக்கும் சொல் அல்ல, படுக்கையைக் குறிக்கும் சொல்.

"தன்பாலீர்ப்பு'ன்னு ஒரு சொல் இருக்கு" என்றேன்.

"அது என்ன மாமா, ஃபிசிக்ஸ் மாதிரி இருக்கு. பாட்டி புவியீர்ப்புன்னு நெனச்சிப்பாங்க."

இரண்டு பேரும் சிரித்தோம். ஆனால் எனக்கு உள்ளே எங்கோ குத்தியது. நாற்பது வயது தாண்டிய நான், தமிழில் கட்டுரை எழுதுகிறவன், இதே சொல்லை என் அம்மாவிடம் சொல்ல முடியாமல் இருபது வருடமாக முழித்துக்கொண்டிருக்கிறேன். 2006-ல் 'வேட்டையாடு விளையாடு' படத்துக்கு அம்மாவோடு போயிருந்தேன். கமல் படம் என்றால் அவருக்கு உயிர். அதில் வரும் இரண்டு கொலைகாரர்களையும் அந்த மாதிரி ஆட்களாகக் காட்டியிருப்பார்கள். அரங்கில் இருந்த அருவருப்பை இருட்டிலும் உணர முடிந்தது. அம்மா "கருமம்" என்றார். அவர் கொலையைச் சொன்னாரா, அதைச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்க என்னிடம் சொல் இல்லை. என் அம்மா தமிழில் பார்த்த முதல் 'நான்' அந்த இரண்டு பேர்தான்.

என் துணையை அம்மாவுக்குத் தெரியும். வீட்டைப் பகிர்ந்துகொள்ளும் நண்பன் என்று. 'அந்தச் சீனப் பிள்ளை' என்பார். ஒவ்வொரு ஞாயிறும் நான் போய்த் திரும்பும்போது அவனுக்கென்று தனியாக ஒரு போத்தலில் ரசம் ஊற்றித் தருவார், காரம் குறைத்து. அவ்வளவு இருக்கிறது எங்களுக்குள். ஒரு சொல் மட்டும் இல்லை.

இப்போது அந்த 'நல்லவேளை'க்கு வருகிறேன். 2003-ல் ஆங்கிலம் எனக்கு ஒளிந்துகொள்ளும் இடமாக இருந்தது. அம்மா பின்னால் நின்றாலும் படிக்க முடியாத இடம். அதற்குள் நான் வளர்ந்தேன், காதலித்தேன், வாதாடினேன், வீடு வாங்கினேன். எல்லாம் அம்மா படிக்க முடியாத மொழியில். பூட்டு என்று நினைத்துப் போட்டது சுவராகிவிட்டது. என்னை நான் புரிந்துகொண்ட ஒவ்வொரு பக்கமும் அம்மாவிடமிருந்து என்னை ஓர் அடி தள்ளி வைத்த பக்கம்தான்.

ஆகவே இளையவர்களுக்கு இன்னும் இத்தகைய ஊடகம் தேவையா என்ற கேள்வியை நான் இரண்டாகப் பிரிக்க வேண்டியிருக்கிறது. 'நீ தனி ஆள் இல்லை' என்று ஆங்கிலத்தில் சொல்ல இன்று ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அந்த வேலைக்கு ஒரு தனி இதழ் ஒருவேளை தேவைப்படாது. ஆனால் தமிழில் அந்த வேலை இன்னும் சரியாகத் தொடங்கவே இல்லை, குறைந்தபட்சம் நம் ஊரில். தொடங்காத ஒன்றை 'இனித் தேவையில்லை' என்று எப்படி மூடுவது?

சொல் எங்கிருந்து வருகிறது என்றும் யோசிக்க வேண்டும். 2022 ஆகஸ்ட்டில் இங்கே தேசிய தினப் பேரணி உரையில் 377ஏ நீங்கும் என்று பிரதமர் லீ சியன் லூங் அறிவித்தார். அதே ஆகஸ்ட்டில் தமிழ்நாட்டு அரசு, பாலினம், பாலீர்ப்பு தொடர்பாகப் பயன்படுத்த வேண்டிய தமிழ்ச் சொற்களின் பட்டியலை அரசிதழில் வெளியிட்டது. வீட்டைவிட்டு வெளியேறிய இரண்டு பெண்களின் வழக்கில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் போட்ட உத்தரவுகளின் தொடர்ச்சி அது. ஆனால் நீதிபதியோ அரசு அதிகாரியோ உட்கார்ந்து யோசித்து உண்டாக்கியதல்ல அந்தச் சொல்வளம். சென்னையில் 'ஓரினம்' குழு தன் தளத்தில் தமிழிலும் ஆங்கிலத்திலும் பல ஆண்டுகளாக எழுதிவந்தது. 'குயர் சென்னை கிரானிக்கிள்ஸ்' புத்தகம் போட்டது, 2018 முதல் இலக்கிய விழா நடத்தியது. ஒரு சொல்லைப் போட்டுப் பார்த்து, சிலர் அது பிடிக்கவில்லை என்று சொல்லி, இன்னொன்றைப் போட்டுப் பார்த்து, அப்படிப் பழகிப் பழகி வந்தவை அவை. நாளிதழும் நீதிமன்றமும் சொல்லைக் கடன் வாங்கலாம். அதை நட்டுத் தண்ணீர் ஊற்ற ஓர் இடம் வேண்டும். அந்த இடம் ஆயிரம் பேர் படிக்கும் இடமாக இருக்கவேண்டியதில்லை. பத்து வருஷம் கழித்து 'காதல் என்பது பொதுவுடைமை' மாதிரி ஒரு படம், ஓர் அம்மாவும் பெண்ணைக் காதலிக்கும் மகளும் பேசும் படம், தமிழில் வரும்போது, அந்தப் பேச்சுக்குப் பின்னால் எங்கோ அந்தச் சிறிய தோட்டங்கள் இருக்கும்.

இதையெல்லாம் அன்று அவனிடம் நான் இவ்வளவு கோர்வையாகச் சொல்லவில்லை. "எனக்கும் தெரியலடா. பாக்கிறேன்" என்றேன். மேலே போனோம். குப்பைப் பையை இன்னும் கையில் வைத்திருந்தான்.

அடுத்த வாரம் இணையத்தில் தேடினேன். ஓர் அம்மா தன் மகனைப் பற்றித் தமிழில் எழுதிய ஒரு கட்டுரை கிடைத்தது. சென்னைப் பக்கத்து அம்மா. எளிய தமிழ். முதலில் கோவிலுக்கு நேர்ந்துகொண்டது, டாக்டரிடம் இழுத்துப் போனது, பிறகு ஒரு நாள் மகன் சாப்பிடாமல் தூங்கியதைப் பார்த்தது என்று சாதாரணமாகப் போகிற எழுத்து. பெரிய வாதம் எதுவும் இல்லை. அம்மாவுக்குக் கண்புரை அறுவை செய்திருக்கிறது என்பதால் எழுத்தைப் பெரிதாக்கி, 18 அளவில் அச்சடித்தேன். ஏழு பக்கம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை போனபோது சாப்பாட்டு மேசையில், அவர் மூக்குக்கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்தேன். இருபது வருடம் முன்னால் தேடல் வரலாற்றை அழித்த அதே விரல்கள்தான். நடுங்கின.

"என்னய்யா இது?"

"ஒரு கட்டுரைம்மா. நல்லாருந்திச்சு. படிச்சுப் பாருங்க."

வேறெதுவும் சொல்லவில்லை. ரசப் போத்தலை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அந்த வாரம் முழுக்க ஒவ்வொரு தொலைபேசி மணிக்கும் வயிறு புரண்டது. அம்மா கூப்பிட்டார், மழையைப் பற்றிப் பேசினார், மீன் விலையைப் பற்றிப் பேசினார். அதைப் பற்றி ஒன்றுமில்லை. "பாட்டி ஏதாச்சும் சொன்னாங்களா?" என்று அவன் தினமும் முகாமிலிருந்து செய்தி அனுப்பினான்.

மறு ஞாயிறு போனேன். ஏழு பக்கமும் அதே இடத்தில் இருந்தன. ஓரம் லேசாக மடங்கியிருந்தது. புரட்டினேன். மூன்றாம் பக்கத்தில் பென்சில். 'அந்த பையன்' என்று அச்சாகியிருந்த இடத்தில், இரண்டு சொற்களுக்கும் நடுவே, அம்மாவின் குண்டு எழுத்தில் ஒரு 'ப்'.

ஆறாம் வகுப்புதான், ஆனால் ஒற்று விஷயத்தில் எங்கள் வீட்டில் கடைசித் தீர்ப்பு அம்மாவுடையது.

அடுக்களையிலிருந்து குரல் வந்தது. "படிச்சேன்யா. பாவம், அந்தம்மா எவ்ளோ கஷ்டப்பட்டிருக்கு." கொஞ்ச நேரம் தாளிக்கிற சத்தம் மட்டும். "அந்தப் பையன் இப்ப நல்லா இருக்கானா?"

"நல்லா இருக்கான்மா."

"ம்." பிறகு, "வேற இருக்கா? இந்த மாதிரி?"

அன்றிரவு உட்கார்ந்து தேடினேன். நம்பும்படியான, வசையில்லாத, ஒரு அறுபத்தெட்டு வயது அம்மா படிக்கும்படியான தமிழில், மொத்தம் நான்கு கிடைத்தன. நான்கும் தமிழ்நாட்டைப் பற்றியவை. வீவக வீட்டைப் பற்றியோ, தேசிய சேவையைப் பற்றியோ, ரசம் குடிக்கும் சீனப் பிள்ளையைப் பற்றியோ ஒன்றுகூட இல்லை. நான்கையும் அச்சடித்துக் கொடுத்தேன். புதன்கிழமைக்குள் படித்து முடித்துவிட்டார்.

இன்னும் நான் எதையும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. ஆனால் போன வாரம் ரசம் இரண்டு போத்தல் வந்தது.

நண்பர்களுக்குச் சரி என்று பதில் போட்டுவிட்டேன். அக்கா மகனிடமும் சொன்னேன். "நான் படிக்க மாட்டேன் மாமா, எனக்குத் தமிழ் ஸ்லோ" என்றான். அப்புறம் ஒரு நிமிடம் கழித்து, "பாட்டிக்கு எடுத்துட்டுப் போறப்ப என்னையும் கூப்பிடுங்க" என்று இன்னொரு செய்தி.

முதல் கட்டுரையை எழுதிக்கொண்டிருக்கிறேன். 18 அளவில் அச்சடிப்பேன். ஒற்றுப் பிழை இருந்தால் திருத்தம் வரும்.